பிராலின் ஏன் நமத்துப்போகிறது?

கேள்வி: பாதாமும் சர்க்கரையும் சம எடை போட்டு பிராலின் (கேரமல், அதாவது பொன்னிறமாக உருக்கிய சர்க்கரை, பூசிய பாதாம்) செய்தேன். ஃபிரிட்ஜில் வைத்தது மறுநாளே பிசுபிசுத்துவிட்டது. மீதியை மிக்ஸியில் அடித்தால் பொடியாகாமல் விழுதாகிறது. ஐஸ்கிரீமில் கலந்ததோ மொறுமொறுப்பே இல்லை. எங்கே தவறு?

பதில்: உங்கள் அளவு சரிதான். கெடுத்தது ஃபிரிட்ஜ். கேரமல் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துத் திறந்ததும் சில்லென்ற துண்டுகள்மேல் நீர் பூக்கும், அதில் சர்க்கரை கரையும். அதனால் நன்றாக ஆறியதும், அன்றே, இறுக்கமான மூடியுள்ள பாட்டிலில் போட்டு வெளியிலேயே வையுங்கள். ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்று உள்ளே இருந்தால் நல்லது. பிசுபிசுத்ததையும் கொட்ட வேண்டாம். சூடான க்ரீமில் போட்டுக் கரைத்தால் அருமையான சாஸ்.

விழுதானது தோல்வியே இல்லை. பாதாமில் பாதிக்குப் பாதி எண்ணெய், ஹேசல்நட்டில் அதைவிட அதிகம். அரைக்க அரைக்க ஜாரும் சூடாகும், எண்ணெயும் வெளியே வரும். பொடி வேண்டுமென்றால் விட்டுவிட்டு அடித்து, ரவை பதத்தில் நிறுத்திவிடுங்கள். நிறுத்தாமல் போனால் முதலில் ஈரமணல் போலக் கட்டிக்கொள்ளும், அப்புறம் இளகி, கரண்டியிலிருந்து நாடாவாக விழும். பேஸ்ட்ரிக்காரர்கள் தேடுவதே இந்த விழுதைத்தான். பாரிஸ்-பிரெஸ்ட் என்ற சக்கர வடிவ பிரெஞ்சு இனிப்புக்குள் வைக்கும் க்ரீமுக்கு ருசி தருவது இதுதான். பாரிஸிலிருந்து பிரெஸ்ட் போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயம் 1891-இல் தொடங்கியது. அந்தப் பெயர்தான் இனிப்புக்கும். ஒன்று மட்டும் கவனம்: ஜாரில் ஈரம் கூடாது. கொஞ்சம் தண்ணீர் பட்டாலும் விழுது இறுகிவிடும்.

ஐஸ்கிரீமுக்கு வருவோம். அதில் இருக்கும் தண்ணீர் கேரமலை மெல்ல மெல்லக் கரைக்கிறது. துண்டுகளை உருக்கிய சாக்லேட்டிலோ கோகோ வெண்ணெயிலோ புரட்டி, உறைந்தபின் கலந்தால் தாக்குப்பிடிக்கும். பட்டர்க்ரீமில் கொழுப்பு அதிகம் என்பதால் பொடி கொஞ்சம் தாங்கும். அடித்த க்ரீமில் தாங்காது, பரிமாறும் நேரத்தில் தூவுங்கள்.

அடுத்த முறை செய்யும்போது இன்னொன்று. பாகில் பாதாமைப் போட்டுக் கிண்டினால் சர்க்கரை வெள்ளையாகப் பூத்து மணல் மணலாக ஒட்டும். முதல் தடவை நான் பயந்து அப்படியே குப்பையில் கொட்டினேன். கொட்டத் தேவையில்லை, தீயைக் குறைத்துக் கிண்டிக்கொண்டே இருந்தால் அதுவே மறுபடி உருகி, பொன்னிறக் கேரமலாகப் பாதாமைச் சுற்றிக்கொள்ளும். ஒரு பாதாமை இரண்டாக வெட்டிப் பாருங்கள்: உள்ளே பிஸ்கட் நிறம் இருந்தால் இறக்கலாம். வெள்ளையாக இருந்தால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும். புகை வர ஆரம்பித்துவிட்டதா? உடனே தட்டில் கொட்டிப் பரப்பிவிடுங்கள், அடுப்பை அணைத்தாலும் பாத்திரத்தின் சூட்டிலேயே அது கருகிவிடும்.