முட்டை நின்ற வாத்துகளைக் கொடுத்து இளம் வாத்து வாங்கலாமா?

கேள்வி: வீட்டுப் பின்புறம் பத்து வாத்து வளர்க்கிறேன், ஒன்று மட்டும் ஆண். தீபாவளிவரை தினம் ஆறேழு முட்டை கிடைத்தது. மூன்று வாரமாக ஒன்றுகூட இல்லை. தவிடும் பழைய சோறும்தான் தீனி. பஜாரில் ஒருவர் முட்டை மருந்து என்று ஒரு பாக்கெட் தந்தார். பத்தையும் கொடுத்து மேலே கொஞ்சம் பணம் போட்டால், முட்டையிடும் இளம் வாத்து தருவதாகவும் சொல்கிறார். கொடுக்கலாமா? (பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கொடுக்காதீர்கள்.

நின்றது நிஜம்தானா என்று முதலில் பாருங்கள். வாத்து பெரும்பாலும் விடியற்காலையில்தான் முட்டையிடும். சீக்கிரம் திறந்துவிட்டால் வயலிலும் குட்டையிலும் போட்டுவிட்டு வரும். மூன்று நாள், உள்ளே தண்ணீர் வைத்து, காலை ஒன்பது மணிவரை அடைத்து வையுங்கள். அப்படியும் இல்லையென்றால் ஒவ்வொன்றாகப் பிடித்து, எச்சத் துவாரத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் தட்டுப்படும் மெல்லிய எலும்புகளுக்கு நடுவே விரலை வைத்துப் பாருங்கள். மூன்று விரல் இடம் இருந்தால் அது முட்டையிடுகிறது, தேட வேண்டியது உங்கள் வேலை. ஒரு விரல்தான் என்றால் நின்றுவிட்டது.

கொட்டிலில் இறகு உதிர்ந்து கிடந்தால் அது நோயில்லை. இறகு மாற்றும்போது ஆறு முதல் எட்டு வாரம் முட்டை இருக்காது. இறகும் புரதம், முட்டையும் புரதம். சோற்றிலும் தவிட்டிலும் இரண்டுக்கும் போதுமான புரதம் கிடையாது. பத்து வாத்துக்கு நாளொன்றுக்கு ஒரு வீசை (சுமார் 1.6 கிலோ) தீனி வேண்டும். நூறு பங்கில் குருணை அல்லது சோளம் 45, தவிடு 25, எள்ளுப் புண்ணாக்கு 14, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 10, சிப்பித் தூள் 6. உப்புக் கருவாடு போட்டால் வாத்துக்கு விஷம். கடலைப் புண்ணாக்கில் துளி பூஞ்சை வாடை வந்தாலும் தொடாதீர்கள். கோழி தாங்குகிற பூஞ்சை நஞ்சை வாத்தின் ஈரல் தாங்காது. பழைய தீனியோடு கலந்து ஒரு வாரத்தில் மாற்றுங்கள். தண்ணீர் அரை நாள் வற்றினாலும் முட்டை குறையும்.

குளிர்காலத்தில் பகல் பதினோரு மணி நேரம்தான், முட்டைக்குப் பதினான்கு நல்லது. மாலை ஐந்தரை முதல் எட்டரைவரை ஒரு சிறு விளக்கு போதும். ஆனால் யாங்கோனிலேயே கரண்ட் எப்போது வரும் போகும் என்று தெரியாத நாட்டில் இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. சோலார் விளக்கு இருந்தால் தினமும் அதே நேரம் போடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள். நாளுக்கொரு நேரம் போட்டால் பயனில்லை.

இனி அந்தத் தரகர். இந்த மாதிரிப் பாக்கெட்டுகளில் வழக்கமாக இருப்பது விட்டமினும் ஆக்சிடெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கும்தான். இறகு மாற்றும் வாத்தை அது முட்டையிட வைக்காது, மருந்து மட்டும் பிறகு வரும் முட்டையில் தங்கும். தவிடு விற்கும்போது எடை பார்க்கக்கூட ஆள் உண்டு, இந்தப் பாக்கெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்க ஆளில்லை. 'இளம் வாத்து' என்பது பல நேரம் இரண்டு வருஷம் வயலில் மேய்ந்து கழித்துவிட்ட மந்தை. கொண்டுவந்ததும் முட்டை வராது. கேட்டால் 'இடம் மாறியதால்தான்' என்பார். நல்ல வாத்தும் இடம் மாறினால் சில வாரம் நிறுத்தும் என்பது உண்மை, அதனால்தான் அந்தப் பொய் செல்லுபடியாகிறது. கீழ் அலகை மெல்ல அழுத்துங்கள், இளசு என்றால் வளையும். குரலையும் கேளுங்கள். உரக்கக் கத்தினால் பெண், கரகரத்தால் ஆண். ஆணின் வாலில் இருக்கும் சுருள் இறகை நம்ப வேண்டாம், பிடுங்கிவிட்டு விற்பார்கள்.

முகத்தில் சிவப்பு முண்டு உள்ள மணிலா வாத்து இருந்தால் அதற்கு மேலே சொன்ன கணக்கு பொருந்தாது. அது ஒரு ஈடு இட்டதும் அடைக்கு உட்காரும். தீனி, விளக்கு எதை மாற்றினாலும் எழாது. குஞ்சு வேண்டுமானால் முப்பத்தைந்து நாள் உட்காரவிடுங்கள். நாட்டு வாத்துக்கு இருபத்தெட்டு நாள்தான், அந்தக் கணக்கில் முட்டையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். குஞ்சு வேண்டாமென்றால் முட்டையை எடுத்துவிட்டு, கூட்டையும் கலைத்து, இரண்டு மூன்று நாள் வைக்கோல் இல்லாத தரையில் தனியே அடையுங்கள்.

வாத்து தீனி எடுக்காமல், பச்சையாகக் கழிந்து, கண் ஒட்டி, ஒன்றிரண்டு செத்தால் அறுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். கால்நடை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 2006-இல் பர்மாவுக்கு வந்த பறவைக் காய்ச்சல் மனிதனையும் விடாது.

மற்றபடி, புது இறகு முழுதாக வந்து ஒரு மாதம் ஆகியும் ஒரு விரல்தான் இடம் என்றால், அந்த ஒன்றை மட்டும் குழம்புக்கு எடுங்கள்.