கண்ணாடி எழுதிய திகதியைப் பாருங்கள்

வெள்ளவத்தையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். 46 வயதுக் கணவருக்கு இரண்டு ஓரங்களிலும் பார்வை குறைந்து, கதவு நிலையில் தோள் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. தனியார் மருத்துவமனைக் கண் வைத்தியர் 10 மாதத்தில் மூன்று தரம் கண்ணாடி மாற்றினார். பிறகுதான் எம்ஆர்ஐ. மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வளர்ந்த கட்டி பார்வை நரம்புகளை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கு வழியாகச் சத்திரசிகிச்சை செய்தும் இடக்கண் தேறவில்லை. சத்திரசிகிச்சை நிபுணரிடம் 2 கோடி கேட்டு வழக்குப் போடலாமா?

அவர்மீது வேண்டாம். வார்டில் அவர் எரிந்து விழுந்தது உங்களைச் சுட்டிருக்கும், அது வழக்காகாது. நெடுநாள் அழுத்தத்தில் நரம்பு வெளிறிவிட்டால், கட்டியைச் சுத்தமாக எடுத்தாலும் பார்வை திரும்பாமல் போகலாம். வழக்கென்றால் கண் வைத்தியர்மீதுதான். அதில் நீங்கள் முக்கியமாக நிரூபிக்க வேண்டியது இது: அவர் முதல் தடவையே பார்வைப் புலத்தை, அதாவது கண்ணுக்கு எவ்வளவு அகலம் தெரிகிறது என்பதை, சோதித்து ஸ்கேனுக்கு அனுப்பியிருந்தால் இடக்கண் தப்பியிருக்கும் என்பது. மூளைத்தண்டுக் கட்டியால் இறந்த சிறுமியின் வழக்கில் மாவட்ட நீதிமன்றம் 50 இலட்சம் ரூபாய் கொடுத்தது. 2001இல் உயர் நீதிமன்றம் வைத்தியர் கவனயீனமாக இருந்தார் என்பதை ஏற்றது. ஆனால் மரணம் அதனால்தான் வந்தது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று நட்டஈட்டை நீக்கியது. எனவே சத்திரசிகிச்சைக்கு முன் எடுத்த பார்வைப் புலப் படமும் விழித்திரை நரம்புப் படலத்தை அளக்கும் ஓசிடி அறிக்கையும்தான் உங்கள் உயிர்நாடி.

எனக்குப் பயம் காலத்தைப் பற்றித்தான். வழக்குத் தொடரக் கால எல்லை விதிக்கும் 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இப்படியான வழக்குக்கு 2 வருடமே தருகிறது. கடைசிக் கண்ணாடி எழுதி 21 மாதம் என்கிறீர்கள். முதல் இரண்டு தரமும் காலம் கடந்தவை என்று எதிர்த்தரப்பு நிச்சயம் வாதாடும். மருத்துவச் சபைக்கு முறைப்பாடு கொடுத்துவிட்டு, பதில் வரும் வரும் என்று காத்திருந்து, 26ஆம் மாதம் கோப்போடு புதுக்கடை நீதிமன்றத்துக்கு வந்தவர்களைக் கண்டிருக்கிறேன். முறைப்பாடும் சரி, கோரிக்கைக் கடிதமும் சரி, காலத்தை நிறுத்தாது. கிளினிக்குக்குப் போய்வருவதும் நிறுத்தாது.

இன்னொன்று, பில்லில் கழிவு தருகிறோம் என்று மருத்துவமனை கூப்பிடும். 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்ற வரியோடு ரசீது நீட்டுவார்கள். கையெழுத்து வைக்காதீர்கள்.

வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குப் போங்கள். இங்கே ஒரு வைத்தியருக்கு எதிராகச் சாட்சி சொல்ல இன்னொரு நிபுணரைப் பிடிப்பதே பெரும்பாடு. மேன்முறையீடு முடிய உங்கள் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். ஆனால் பேச்சு நடக்கும்போதே வழக்குரை தயாராக இருக்கட்டும். 23ஆம் மாதம் முடிவதற்குள் பணம் கைக்கு வராவிட்டால் அடுத்த நாளே தாக்கல் செய்யுங்கள்.