டிஸ்க் டிரைவ் இல்லாத கேம் கன்சோலை வாங்கலாமா? (நாகர்கோவில், பைபர் இணைப்பு உண்டு)

வாங்கலாம், ஆனால் பிறகு டிரைவ் மாட்ட வழியுள்ள மாடலாகப் பாருங்கள். 2023 இறுதியில் வந்த மெலிந்த பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) டிஜிட்டலிலும் (டிரைவ் இல்லாத மாடல்) பிஎஸ்5 ப்ரோவிலும் டிரைவைத் தனியாக வாங்கிப் பொருத்தலாம். முதல்முறை இணைக்க இணையம் வேண்டும். 2020 டிஜிட்டல் மாடலிலும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ்-இலும் அது நடக்காது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைத்தால் இதை முதலில் கேளுங்கள்.

டிஸ்க் இருந்தாலும் கேம் முழுவதும் கன்சோலுக்குள் இருக்கும் எஸ்எஸ்டி சேமிப்பில்தான் ஏறும். அதனால் டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்தாது, டவுன்லோடைத்தான் குறைக்கும். 100 ஜிபி கேம் 100 எம்பிபிஎஸ் வேகத்தில் சுமார் இரண்டேகால் மணி நேரம், 40-இல் ஐந்தரை மணி நேரம். மழைக்காலத்தில் கரண்ட் போனால் டவுன்லோடு விட்ட இடத்திலிருந்து தொடரும். எஸ்எஸ்டியில் தரவு பதிவாகும்போது கன்சோல் திடீரென அணைவதுதான் ஆபத்து, யூபிஎஸ் வையுங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் மொபைல் ஹாட்ஸ்பாட்டை நம்பியிருப்பவர்களுக்கு டிஸ்க்தான் சரி.

உண்மையான இழப்பு பணத்தில். முடித்த டிஸ்க்கை விற்கலாம், நண்பனுக்குக் கொடுக்கலாம். டிஜிட்டலில் உங்களுக்குக் கிடைப்பது உரிமம் மட்டும், விலையையும் கன்சோல் நிறுவனத்தின் ஒரே ஆன்லைன் கடைதான் சொல்லும். அந்தக் கடையும் மூடலாம்: நிண்டெண்டோவின் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ கடைகளில் விற்பனை 2023 மார்ச்சில் நின்றது, எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில்.

பழைய பிஎஸ்4 டிஸ்க்குகள் கையில் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், டிரைவோடு வாங்குங்கள். டிஜிட்டல்தான் என்றால் பிஎஸ்5 செட்டிங்ஸில் ‘கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் ப்ளே’ இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நெட் போன அன்று வாங்கிய கேமிலேயே பூட்டு விழும்.