குடும்பத்தோடு இந்தோனேசியாவுக்குப் போகலாமா?

கேள்வி: என் கணவர் நூற்பாலையில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். இந்தோனேசியாவில் பாண்டுங் நகருக்குப் பக்கத்தில் ஒரு ஆலையில் இரண்டு வருட வேலை வந்திருக்கிறது. முஸ்லிம் நாடு என்பதால் வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள். நான் முக்காடு போட வேண்டியிருக்குமா? பொட்டு வைத்துக்கொண்டு வெளியே போக முடியுமா? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது? எட்டு வயதில் ஒரு மகள் இருக்கிறாள். – ஈரோட்டிலிருந்து ஒரு வாசகி

பதில்: பொட்டு வைத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம். முக்காடு கட்டாயமில்லை, புடவை, சுடிதார் எதுவும் யார் கண்ணையும் உறுத்தாது. பெரியவர்களின் தயக்கம் புரிகிறது. ஆனால் அவர்கள் மனதில் இருப்பது வளைகுடா நாடுகளின் படம். இந்தோனேசியா வேறு.

மக்கள்தொகை சுமார் 28 கோடி, அதில் 87 சதவீதம் பேர் முஸ்லிம்கள். இருந்தும் இஸ்லாம் அங்கே அரசு மதம் இல்லை. 1945 ஆகஸ்ட் 17 அன்று விடுதலைப் போராட்டத் தலைவர் சுகர்னோ விடுதலையை அறிவித்தார். அரசியலமைப்பு வரைவின் முகவுரையில், முஸ்லிம்கள் ஷரியத்தைக் கடைப்பிடிக்க வேண்டும் என்று ஏழு சொற்கள் இருந்தன. கிழக்குத் தீவுகளின் கிறிஸ்தவர்கள் இதை ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்ததும், சுகர்னோவின் சகாவான ஹத்தா முஸ்லிம் தலைவர்களிடம் பேசி, மறுநாளே அந்தச் சொற்களை எடுக்க வைத்தார். 'கடவுள் ஒருவரே என்ற நம்பிக்கை' என்பதோடு நின்றது. அந்த ஒரு நாள் முடிவில்தான் இன்றைய இந்தோனேசியா நிற்கிறது என்பேன். இஸ்லாம், புராட்டஸ்டன்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்ஃபூசியம் என ஆறு மதங்களுக்கு அங்கீகாரம் உண்டு. பாலி இந்துக்களின் மௌன நாளான ஞெப்பிக்கு நாடு முழுக்க விடுமுறை. தீபாவளிக்குத்தான் கிடையாது, உங்கள் கணவர் லீவு போட வேண்டியிருக்கும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சுமத்ராவின் வடமுனையில் உள்ள ஆச்சே மாகாணத்தில் ஷரியத் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. பாண்டுங் மேற்கு ஜாவாவில், வெகுதூரத்தில். 17,000-க்கு மேல் தீவுகள், மூன்று நேர மண்டலங்கள் உள்ள நாடு அது. ஆகவே இந்தோனேசியா பற்றி யார் எதைச் சொன்னாலும், எந்த ஊர் என்று முதலில் கேளுங்கள்.

பாண்டுங் சுமார் 700 மீட்டர் உயரத்தில் இருப்பதால் ஜகார்த்தாவின் புழுக்கம் இல்லை. பழைய நெசவு ஊர், ஆலைகள் ஏராளம். 2023 முதல் ஜகார்த்தாவிலிருந்து அதிவேக ரயிலும் ஓடுகிறது. சுற்றிலும் எரிமலைகள். பூகம்பம் வரக்கூடிய நிலம் என்பதால், வீடு பார்க்கும்போது வெளியேறும் வழியையும் பாருங்கள். மசூதிக்குப் பக்கத்தில் வீடு அமைந்தால் காலை நாலரை மணி வாக்கில் பாங்கு (தொழுகை அழைப்பு) ஒலிபெருக்கியில் கேட்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்து ஊர் என்பதால் வருடம் முழுக்க அந்த நேரம் பெரிதாக மாறாது.

இனி சாப்பாடு. நீங்கள் உண்மையில் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். பார்த்தால் சைவர்களின் சொர்க்கம் மாதிரி இருக்கும். பாண்டுங் பகுதி சுண்டா மக்கள் பச்சைக் காய்கறி பிரியர்கள். வெள்ளரி, முட்டைக்கோஸ், துளசி வகை இலை எல்லாம் தட்டு நிறைய வரும். கூடவே ஒரு சிறிய கல்லில் அரைத்த மிளகாய்ச் சட்னி வரும், பேர் சம்பல். அதில் பெரும்பாலும் தெராசி கலந்திருக்கும். தெராசி என்பது புளிக்கவைத்த இறால் விழுது. வேர்க்கடலைச் சாந்து சேர்த்த கரெடோக், புளி ரசம் போன்ற சாயுர் அசெம் இரண்டிலும் அது சேரும். 'சைவம்' என்று மட்டும் சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுக் கொடுத்துவிடுவார்கள். 'தன்பா தெராசி, தன்பா இக்கான்' (இறால் விழுது வேண்டாம், மீன் வேண்டாம்) என்று கேளுங்கள். டெம்பே என்ற சோயா கட்டி தினமும் கிடைக்கும். வாங்கி வந்து வீட்டில் பொரித்தால் குழந்தைக்கும் பிடிக்கும். பருப்பு, மசாலாவுக்கு ஜகார்த்தாவின் பசார் பாரு பகுதியில் இந்தியக் கடைகள் உண்டு.

மொழி பயம் வேண்டாம். ஆங்கில எழுத்தில்தான் எழுதுகிறார்கள், வினைச்சொல் காலத்துக்கேற்ப மாறாது. ஆண்களை 'பாக்', பெண்களை 'இபு' என்று மரியாதையாக அழைத்தாலே பாதி வேலை நடந்துவிடும்.

ரமலான் மாதத்தில் பகலில் சில உணவகங்கள் மூடியிருக்கும், அல்லது திரை போட்டிருக்கும். நீங்கள் வீட்டில் சாப்பிடத் தடையேதும் இல்லை. நோன்பாளிகள் முன்னால் மட்டும் தவிர்த்துவிடுங்கள். பெருநாளை ஒட்டி ஊரே சொந்த ஊருக்குக் கிளம்பிவிடும். வீட்டு வேலைக்கு வருபவரும் போய்விடுவார். அதற்குமுன் அவருக்கு ஒரு மாதச் சம்பளம் பெருநாள் போனஸாகத் தருவது வழக்கம். பட்ஜெட்டில் இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒப்பந்தம். கையெழுத்துப் போடும் முன் மகளின் பள்ளிக் கட்டணத்தைக் கம்பெனி ஏற்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சர்வதேசப் பள்ளிகள் விலை அதிகம். சம்பளத்தில் பெரிய பகுதி அதிலேயே போய்விடலாம். நீங்கள் கணவரைச் சார்ந்த குடியிருப்பு அனுமதியில்தான் இருப்பீர்கள். அதை வைத்து அங்கே வேலை பார்க்க முடியாது. உங்கள் வருமானத்தையும் கணக்கில் சேர்த்திருந்தால், அதைக் கழித்துவிட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.