புதன்கிழமை மட்டும் வேண்டாம்

கடிதம்:

வணக்கம். எங்கள் ஊரில் பழைய மாணவர் சங்கத்தின் சார்பில், மகளிர் தினத்தை ஒட்டி, குழந்தைகளின் உடல்நலத்துக்காகவும் பொதுச் சேவையிலும் உழைக்கும் ஐந்து பெண்களைப் பாராட்ட இருக்கிறோம். இரண்டு குழந்தை மருத்துவர்கள், ஒரு பள்ளித் தாளாளர் என மூன்று பெயர்கள் முடிவாகிவிட்டன. கிராம சுகாதாரச் செவிலியர் ஒருவரையும் அங்கன்வாடிப் பணியாளர் ஒருவரையும் சேர்க்கலாம் என்றேன். “அவர்கள் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறார்கள், இதில் பாராட்ட என்ன இருக்கிறது?” என்று கூட்டத்தில் கேட்டார்கள். சரியான பதில் சொல்லத் தெரியவில்லை. யாரை, எப்படித் தேர்ந்தெடுப்பது?

க.ம.

பதில்:

அன்புள்ள க.ம.,

இருவரையும் சேருங்கள். முதல் இரண்டு இடமும் அவர்களுக்கே இருக்கட்டும். அப்படிக் கேட்டவருக்கு அந்த வேலை எப்படிப்பட்டது என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இவர்களோடு சேர்ந்து கிராமங்களில் வேலை பார்க்கும் சுகாதாரத் தன்னார்வலர்களான இந்தியாவின் ஆஷா பணியாளர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் விருது கொடுத்தது. வீடு வீடாகப் போய்ச் செய்யும் வேலைக்குக் கிடைத்த விருது அது.

சமவெளியில் சுமார் 5,000 பேருக்கும் மலைப்பகுதியில் 3,000 பேருக்கும் கிராம சுகாதாரச் செவிலியர் வேலை பார்க்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது கணக்கு. தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். செவிலியர் கொண்டுவரும் தடுப்பூசிப் பெட்டியில் நான்கு ஐஸ் பேக் இருக்கும். உறைபெட்டியிலிருந்து எடுத்த பேக்கை அப்படியே உள்ளே வைத்தால் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் மருந்து உறைந்து வீரியம் இழந்துவிடும். வெறும் பார்வைக்கு நல்ல மருந்து போலத்தான் இருக்கும். குழந்தைக்கு ஊசி போட்டதாகப் பதிவேட்டில் ஏறிவிடும், ஆனால் கக்குவான் இருமலும் தொண்டை அடைப்பானும் வராது என்ற உறுதி இராது. அதனால் பேக்கை வெளியே வைத்து, அது வியர்த்து, ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் இதைத் தவிர்த்தாலும் யாருக்கும் தெரியாது. தெரியாத இடத்திலும் தவிர்க்காதவர்தான் நீங்கள் தேடும் ஆள்.

இன்னொன்று இதைவிட முக்கியம். தட்டம்மை–ரூபெல்லா குப்பியில் பல குழந்தைகளுக்கான மருந்து இருக்கும். பொடியாக இருக்கும் அதில் கரைக்கும் திரவத்தைக் கலந்த 4 மணி நேரத்துக்குள் பயன்படுத்தாததைக் கழித்துவிட வேண்டும், ஏனென்றால் கிருமி வளராமல் தடுக்கும் பொருள் அதில் கிடையாது. கெட்டுப்போன மருந்தைப் போட்டால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. இந்த நிலையில் கடைசித் தெருவிலிருந்து ஒரே ஒரு தாய் ஒன்பது மாதக் குழந்தையோடு வருகிறார். மருந்து வீணாகுமே என்று அஞ்சி “அடுத்த வாரம் வாம்மா” என்று திருப்பி அனுப்புவது உண்டு. அந்தத் தாய்க்கு ஒரு நாள் கூலி போயிருக்கும். அடுத்த வாரம் பெரும்பாலும் வரமாட்டார். ஒரு குழந்தைக்காகவும் குப்பியைத் திறக்கலாம் என்பதுதான் விதி. திறந்துவிட்டு, வீணானதற்குக் கணக்கு எழுதி, மேலே கேட்டால் பதில் சொல்லும் செவிலியருக்கு நீங்கள் எத்தனை பொன்னாடை போர்த்தினாலும் தகும்.

அங்கன்வாடிப் பணியாளரின் திறமை எடை பார்ப்பதில் தெரியும். ஒவ்வொரு முறையும் தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவருவது, கனத்த உடுப்பைக் கழற்றுவது, இரண்டு வயதுக்குக் கீழே என்றால் படுக்கவைத்தும் அதற்கு மேல் நிற்கவைத்தும் உயரம் அளப்பது. அழும் குழந்தையை எடை பார்க்க முடியாமல், போன மாத அளவோடு கொஞ்சம் கூட்டி எழுதிவிட்டால், மெலிந்துகொண்டிருக்கும் பிள்ளை பதிவேட்டில் வளர்ந்துகொண்டே இருக்கும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் மேற்கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. இரண்டு பாதங்களிலும் விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றாலும் அதே நிலைதான். இந்தப் பிள்ளைகளைக் கண்டுபிடித்து, தாயைப் பேசிச் சம்மதிக்கவைத்து மருத்துவமனைக்கு அனுப்புகிறாரா என்று விசாரியுங்கள்.

தேர்வுக்கு அலுவலகத்தில் எத்தனை சதவீதம் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டார்கள் என்று கேட்காதீர்கள். செங்கல் சூளையில் தங்கியிருக்கும் குடும்பம் கணக்கெடுப்பில் விட்டுப்போனால் நூறு சதவீதம் எளிதாக வந்துவிடும். ஊரின் கடைசியில் இருக்கும் பத்துப் பதினைந்து தாய்மார்களிடம் நேரில் பேசுங்கள். என்ன ஊசி போட்டார்கள், காய்ச்சல் வந்தால் என்ன செய்வது, அடுத்தது எப்போது, அட்டையைப் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதையெல்லாம் சொன்னார்களா? ஊசிக்குப் பிறகு அரை மணி நேரம் உட்காரவைத்தார்களா? தேதி தவறினால் வீட்டுக்கு வந்தார்களா? இந்தப் பதில்களில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வரும்.

மருத்துவர்களில் ஒருவர் போதும். தாளாளர் குழந்தைகளின் உடல்நலத்துக்கு என்ன செய்தார் என்று இரண்டு வரி எழுத முடிந்தால் வைத்துக்கொள்ளுங்கள், முடியாவிட்டால் வேறொரு மேடை இருக்கிறது. காலியாகும் இடத்துக்கு அங்கன்வாடி உதவியாளர் ஒருவரைப் பாருங்கள். சமைப்பதும் ஊட்டுவதும் கழுவுவதும் அவர்தான்; அவரை யாரும் மேடைக்கு அழைப்பதில்லை.

அரசு ஊழியர்கள் தங்களுக்கு எடுக்கும் பாராட்டு விழாவில் கலந்துகொள்ள முன் அனுமதி வேண்டும் என்று நடத்தை விதிகள் சொல்கின்றன. செவிலியருக்காக வட்டார மருத்துவ அலுவலர் வழியாகவும், அங்கன்வாடியினருக்காகக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலருக்கும் இப்போதே கடிதம் கொடுங்கள். அனுமதி வாங்கும் பொறுப்பை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ரொக்கப் பரிசு வேண்டாம், அது சிக்கலில் கொண்டுபோய் விடும். நிலையத்துக்கு என்ன தேவை என்று அவர்களையே கேளுங்கள். அரை மணி நேரம் காத்திருக்கும் தாய்மார்களுக்கு நாற்காலி, மின்விசிறி, தண்ணீர் வசதியுள்ள கழிப்பறை என்று ஏதாவது சொல்வார்கள். கொடுப்பதை எழுத்தில் கொடுத்து, இருப்புப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் தணிக்கையில் அவர்தான் விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

தேதி மார்ச் 8 ஆகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஜூலை 30 பொருத்தமான நாள். 1927இல் சென்னை சட்ட மேலவைக்குள் நுழைந்த முதல் பெண் உறுப்பினர் அவர். எந்த நாளானாலும் அது புதன்கிழமையாக இருக்க வேண்டாம். சிறப்பு விருந்தினர் வரும்வரை அவர்களைக் காக்கவைக்கவும் வேண்டாம். கடைசிப் பேருந்து போய்விட்டால் வீடு திரும்ப அவர்களுக்கு வழியில்லை.

பாராட்டுப் பத்திரத்தில் ‘தன்னலமற்ற சேவை’ என்று எழுதாமல், எந்த ஊரில், எத்தனை ஆண்டு, எந்தக் குழந்தைகளை எப்படித் தேடிப் பிடித்தார் என்று எழுதுங்கள். குழந்தைகளின் பெயர் மட்டும் வேண்டாம். வரைவு தயாரானதும் அனுப்பிவையுங்கள், மருத்துவச் சொற்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.