இப்போது நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும் இசைப்பதிவு எது?

ஒன்றில்லை, இரண்டு. ஆனால் வாசித்தவரும் ஒருவர்தான், உருப்படியும் ஒன்றுதான். கனடாவின் பியானோ கலைஞர் கிளென் கூல்ட், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதிய கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை 1955இல் ஒருமுறை பதிவு செய்தார், அப்போது அவருக்கு 22 வயது. 1981இல் அதே நியூயார்க் ஸ்டூடியோவில் உட்கார்ந்து மறுபடியும் முழுதாக வாசித்தார்.

கேட்காதவர்களுக்காக: முதலில் நிதானமாக ஒரு ஏரியா (aria, பாட்டு மாதிரியான ஒரு சிறு பகுதி), பிறகு அதை மாற்றி மாற்றி வாசிக்கும் 30 வேரியேஷன்கள், கடைசியில் அதே ஏரியா. ஒரே வரியைப் பல விதமாக விரித்துப் பாடும் நிரவல் கேட்டுப் பழகிய காது முதலில் மெட்டைத்தான் தேடும், கிடைக்காது. 30லும் கூடவே வருவது மெட்டு இல்லை, அடியில் இடது கை பிடித்திருக்கும் பேஸ், அதாவது கீழ் ஸ்வரங்களின் வரிசை. அது காதில் விழ எனக்கு ரொம்ப நாள் பிடித்தது.

1955 பதிவு 38 நிமிடச் சொச்சத்தில் முடிந்துவிடும். துள்ளல், வேகம், இளமைத் திமிர் எல்லாம் இருக்கிறது. 1981இல் 51 நிமிடம். ஏரியாவே இரண்டு நிமிடத்திலிருந்து மூன்றுக்குப் போய்விட்டது. அது வெளிவந்த கையோடு, 1982 அக்டோபரில், கூல்ட் இறந்துவிட்டதால் பலரும் அதை ஒரு விடைபெறலாகவே கேட்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஐந்தாவது வேரியேஷனைப் போட்டுப் பாருங்கள், அதே பழைய பாய்ச்சல். இதில் அவர் செய்திருப்பது வேறு: ஒரு வேரியேஷனின் காலப்பிரமாணத்துக்கும் (வேகத்துக்கும்) அடுத்ததுக்கும் ஒரு கணக்கு வைத்திருக்கிறார். தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கேட்டால் பல இடங்களில் கையை நிறுத்தவே வேண்டாம், அதே துடிப்பு அடுத்ததுக்குள் பாதியாகவோ இரட்டிப்பாகவோ நுழைந்துவிடும். கச்சேரி கேட்கிறவர்களுக்கு இது உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன்.

அப்புறம் அந்த முணுமுணுப்பு. வாசிக்கும்போது கூடவே பாடுவார், ஹெட்போனில் தெளிவாகக் கேட்கும், ஸ்வரம் சேர்ந்தும் சேராமலும். சிலருக்கு இது எரிச்சல். எனக்கு அது இல்லாமல் ஏதோ குறைகிற மாதிரி ஆகிவிட்டது.

புதிதாகக் கேட்கிறவர்கள் 1981இல் தொடங்குங்கள், அதுவும் உட்கார்ந்து, இடையில் நிறுத்தாமல். பாத்திரம் தேய்க்கும்போது ஓடட்டும் என்றால் 1955 போதும். மைனர் ஸ்கேலில் (சோகச் சாயலுள்ள ஸ்வர வரிசையில்) வரும் 25ஆவது வேரியேஷனை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு எது பிடித்தது என்று சொல்லுங்கள், என் ஓட்டு அதில் 1955க்குத்தான்.