கட்சி நிழல் படாத பள்ளி எங்கே கிடைக்கும்? – வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பள்ளிச் சேர்க்கை பற்றியவை. அதிலும் ஒரே கவலைதான் திரும்பத் திரும்ப வந்தது. எந்தக் கட்சியின் நிழலும் படாத தனியார் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்க வேண்டும், அதை எப்படிக் கண்டுபிடிப்பது? மிக்ஸி, வாஷிங் மெஷின் கேள்விகளை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

மகளுக்கு எல்.கே.ஜி. தேடுகிறோம். பார்த்த மூன்று பள்ளிகளுமே "எங்களுக்கு அரசியல் கிடையாது" என்கின்றன. யார் நடத்துகிறார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு தாய், ஈரோடு

வரவேற்பறையில் வாயால் சொல்வதை விடுங்கள், காகிதத்தைக் கேளுங்கள். சி.பி.எஸ்.இ. பள்ளி என்றால் வேலை சுலபம். பள்ளியின் இணையதளத்தில் 'கட்டாயப் பொதுத் தகவல்' என்று ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. பள்ளியை நடத்தும் அறக்கட்டளை அல்லது சங்கத்தின் பதிவுச் சான்று, அங்கீகாரம், தீயணைப்புச் சான்று, கட்டண விவரம், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் பட்டியல், பெற்றோர் ஆசிரியர் கழகப் பட்டியல் எல்லாம் அதில் இருக்கும். பட்டியலில் உள்ள பெயர்களைப் படியுங்கள். யாராவது தேர்தலில் நின்றவரா என்று பாருங்கள். வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்கள் தேர்தல் ஆணையத்தின் தளத்தில் எல்லோரும் படிக்கும்படி கிடைக்கின்றன. அந்தப் பக்கமே இல்லாத பள்ளியிடம் "ஏன் இல்லை?" என்று கேளுங்கள்.

மாநிலப் பாடத்திட்டப் பள்ளி என்றால் அங்கீகார ஆணையின் நகலையும் அறக்கட்டளையின் பெயரையும் அலுவலகத்தில் கேளுங்கள். தர மறுத்தால் தனியார் பள்ளிகளுக்கான மாவட்டக் கல்வி அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் தர வேண்டும். சேர்க்கைக்கு முன்பே தொடங்கினால்தான் இது பயன்படும்.

நடத்துபவர் கட்சிக்காரர் என்பதற்காக மட்டும் ஒரு பள்ளியை ஒதுக்காதீர்கள். வீட்டு அரசியலை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே வருகிற தாளாளர்களும் இருக்கிறார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது, அவருடைய கட்சி வகுப்பறைக்குள் வருகிறதா என்பதைத்தான். கடந்த மூன்று வருட ஆண்டு விழாப் படங்களைப் பாருங்கள். தலைவர் பிறந்தநாளுக்குச் சீருடையில் பிள்ளைகள் நிற்கிறார்களா? சாயங்காலம் கேட் முன்னால் காத்திருக்கும் ஒன்பதாம் வகுப்புப் பெற்றோரிடம் பேசுங்கள், வேன் ஓட்டுநரிடமும் பேசுங்கள்.

பழைய டைரி ஒன்றையும் கேட்டு வாங்கிப் புரட்டுங்கள். என் மகனைச் சேர்த்த முதல் பள்ளியின் துண்டறிக்கையில் 'சாதி, மதம், அரசியல் கடந்த கல்வி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஜூன் மாதம் கையில் கொடுத்த டைரியின் முதல் பக்கத்தில், ஒரு கட்சித் தலைவருக்குத் தாளாளர் சால்வை போர்த்தும் படம். பணம் கட்டியாகிவிட்டது, திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அந்த ஒரு வருடமும் மகன் அந்த டைரியைத்தான் தினமும் எடுத்துப் போனான்.

வருடத்துக்கு 1.8 லட்சம் கட்டணம் வாங்கும் பள்ளி நடுநிலையாக இருக்கும் என்று நம்பலாமா?
– ஒரு தந்தை, சென்னை

நம்பக் கூடாது. அந்தப் பணத்துக்கு ஏ.சி. வகுப்பறை கிடைக்கும், நடுநிலை கிடைக்குமென்று சொல்ல முடியாது.

மாநிலப் பாடத்திட்டம், சி.பி.எஸ்.இ. இரண்டில் எது அரசியல் இல்லாதது?
– பெயர் வேண்டாம், திருச்சி

இரண்டும் அரசு எழுதும் புத்தகங்கள். ஆட்சி மாறினால் அந்தப் புத்தகங்களிலும் கை வைக்கிறார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் சமச்சீர்க் கல்வி நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டு மாதம் உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகுதான் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைத்தது. அப்போதும் முந்தைய முதல்வர் தொடர்பான பகுதிகள் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். நகத்தால் சுரண்டி அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத பிள்ளை உண்டா? மத்திய அரசு பக்கம் பார்த்தால், 2023-ல் சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் படிக்கும் என்.சி.இ.ஆர்.டி.யின் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்திலிருந்து முகலாய அரசவை பற்றிய பாடத்தையே எடுத்துவிட்டார்கள்.

அதனால் வாரியத்தை வைத்துத் தேடாதீர்கள். நூலகத்தைப் பாருங்கள். புத்தகத்தில் விட்டுப்போனதைப் பிள்ளை அங்கே படிக்க முடிந்தால் அது நல்ல பள்ளி. நூலக அறை பூட்டியே கிடந்தால் எந்த வாரியமாக இருந்தாலும் எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் பள்ளித் தாளாளர் ஒரு கட்சியில் பொறுப்பில் இருக்கிறார். மாவட்டத்தில் மாநாடு நடந்த அன்று பள்ளிப் பேருந்துகள் எல்லாம் அங்கே போய்விட்டன. பிள்ளைகளுக்கு விடுமுறை. இரண்டு ஆசிரியர்களைப் பந்தல் வேலைக்கும் அனுப்பினார்களாம். போன மாதம் ஒரு தலைவரை வரவேற்க ஆறாம் வகுப்புப் பிள்ளைகளை ரோட்டில் நிற்க வைத்தார்கள். பேருந்துக் கட்டணம் தனியாகக் கட்டுகிறோம். எங்கே கேட்பது?
– நான்கு பெற்றோர், விழுப்புரம் மாவட்டம்

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலில் பேருந்து. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(11)-ல் கல்வி நிறுவனப் பேருந்து என்றால் என்ன என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த நிறுவனத்தின் நடவடிக்கைகளுக்காக மாணவர்களையும் ஊழியர்களையும் ஏற்றிச் செல்ல மட்டுமே பயன்படும் பேருந்து அது. கட்சித் தொண்டர்கள் மாணவர்களும் அல்ல, ஊழியர்களும் அல்ல. பேருந்தின் பதிவு எண், தேதி, இடம் தெரியும்படி படம் எடுத்து வட்டாரப் போக்குவரத்து அலுவலருக்கு எழுத்துமூலம் புகார் கொடுங்கள். கல்வித் துறைக்குப் போகும் புகாரைவிட இது வேகமாக வேலை செய்யும், ஏனென்றால் பள்ளி பயப்படுவது பர்மிட்டுக்குத்தான்.

அடுத்து ஆசிரியர்கள். கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 27-ன்படி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி இந்த மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்வி சாராத வேலைக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. பந்தல் போடுவது இந்த மூன்றில் எதிலும் வராது.

இனி பிள்ளைகள். பல வருடமாக எனக்கு ஆறாத விஷயம் இது. யாரோ ஒருவர் கார் வரும் வரை பதினொரு வயதுப் பிள்ளைகளைக் கையில் பூத்தட்டோடு வெயிலில் நிறுத்துகிறார்கள். பாத்ரூம் போக முடியாது, தண்ணீர் கிடையாது, வருகிறவர் எப்போதும் தாமதம். ஒரு பிள்ளை மயங்கி விழுந்தால் "காலையில் சாப்பிடாமல் வந்தாயா?" என்று அந்தப் பிள்ளையையே திட்டுகிறார்கள். நாம் கட்டணம் கட்டுவது பாடத்துக்கு. அந்த நேரத்தை எடுத்துத் தாளாளர் தன் செல்வாக்கைக் காட்டிக்கொள்ளப் பயன்படுத்தினால் அது நம் பணத்தைத் திருடுவதுதான். இதில் எல்லாக் கட்சியும் ஒன்று. நேற்று எதிர்த்துக் குரல் கொடுத்தவர்கள், தங்கள் தலைவர் வரும்போது அதே பிள்ளைகளை அதே ரோட்டில் நிறுத்துகிறார்கள்.

தேர்தல் நேரம் என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கும். 2024 பிப்ரவரியில் தேர்தல் ஆணையம், பிரச்சாரத்தில் எந்த வகையிலும் குழந்தைகளைப் பயன்படுத்தக் கூடாது, ஊர்வலம், கோஷம், துண்டறிக்கை விநியோகம் எதற்கும் கூடாது என்று கட்சிகளுக்குத் தெளிவாகச் சொல்லிவிட்டது. மாவட்டத் தேர்தல் அலுவலரிடம் புகார் செய்யலாம். மற்ற நாட்களில் 1098 குழந்தைகள் உதவி எண், 14417 கல்வித் துறை உதவி எண். நான்கு பேரும் சேர்ந்து ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். தனியாகப் போனால் உங்கள் பிள்ளையைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

எங்கள் குடும்பத்துக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. மகன் படிக்கும் பள்ளியில் வாரம் ஒரு நாள் பூஜை, எல்லோரும் உட்கார வேண்டும் என்கிறார்கள். தனியார் பள்ளி என்பதால் ஒன்றும் செய்ய முடியாது என்கிறார் என் அண்ணன்.
– ஒரு தாய், மதுரை

அண்ணன் சொல்வது தவறு. அரசியலமைப்புச் சட்டம் பிரிவு 28(3) அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். சிறுவயதுப் பிள்ளையாக இருந்தால் பெற்றோரின் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்ல முடியாது. பூஜை, ஜெபம், தொழுகை எதுவானாலும் இதே விதிதான். தலைமை ஆசிரியருக்கு நான்கு வரியில் எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரை வாங்குங்கள்.

கேரளத்தில் 1985-ல் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாடவில்லை, அவ்வளவுதான். அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் அவர்களைத் திரும்பச் சேர்க்கச் சொன்னது. ஒரு குடும்பம் விடாமல் கேட்டதால் கிடைத்த தீர்ப்பு அது. நீங்களும் தயங்காமல் கேளுங்கள்.

பன்னிரண்டாம் வகுப்பு அரசியல் அறிவியல் ஆசிரியை நெருக்கடி நிலை பற்றி ஒரு வாரம் பாடம் எடுத்திருக்கிறார். பிள்ளைகளை விவாதம் செய்யவும் விட்டிருக்கிறார். பள்ளியில் அரசியல் பேசுவது சரியா? பள்ளியை மாற்றலாமா?
– ஒரு தந்தை, கோவை

ஐயா, அது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. புத்தகத்தை ஒருமுறையாவது திறந்து பார்த்துவிட்டு எனக்கு எழுதியிருக்கலாம். நீதிக்கட்சியும் சுயமரியாதை இயக்கமும் தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் பாடமாக இருக்கின்றன, அதற்காக அந்தப் பள்ளிகளையும் மாற்றுவீர்களா? ஒரு கட்சிக்கு ஓட்டுப் போடச் சொன்னால் புகார் செய்யுங்கள். இரண்டு பக்கத்தையும் பிள்ளைகளையே பேசவிட்ட ஆசிரியைக்கு நன்றி சொல்லுங்கள். உங்கள் கடிதத்தில் நான் வெட்டிய பகுதியைப் படித்தால், உங்களுக்குப் பிடித்த கட்சியைக் குறை சொல்லாத பள்ளியைத்தான் தேடுகிறீர்கள் என்று தெரிகிறது. நடுநிலையான பள்ளி வேண்டும் என்று ஏன் எழுதினீர்கள்?

சேர்க்கைக்கு 75,000 நன்கொடை கேட்டார்கள். ரொக்கமாகக் கொடுத்துவிட்டேன். ரசீது கேட்கவில்லை. இப்போது அங்கே ஒரே கட்சிப் படமாக இருக்கிறது. திரும்ப வாங்க முடியுமா?
– வாசகர், சேலம்

ரசீது இல்லாத ரொக்கத்துக்கு நான் என்ன வழி சொல்வது? நன்கொடை கேட்டதே சட்டவிரோதம். தமிழ்நாட்டில் 1992-லிருந்தே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 13-ன்படி, வாங்கிய தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். ஆனால் வாங்கினார்கள் என்று காட்ட உங்களிடம் என்ன இருக்கிறது? வங்கியில் பணம் எடுத்த விவரம், வாட்ஸப் செய்தி, உடன் வந்த சாட்சி ஏதாவது இருந்தால் மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் "ரசீது கிடையாது" என்று சொன்ன நிமிடமே எழுந்து வந்திருக்க வேண்டும்.

தென்மாவட்டத்தில் இருக்கிறோம். இங்கே கட்சியைவிடச் சாதிதான் பெரிய பிரச்சினை. பள்ளி வாசலிலேயே கலர் கயிறு தெரிகிறது.
– ஒரு தாய், திருநெல்வேலி மாவட்டம்

அம்மா, நீங்கள் சொல்வதுதான் சரி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் வீடு புகுந்து ஒரு மாணவரையும் அவர் தங்கையையும் வெட்டியவர்கள் அவருடன் படித்த மாணவர்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கலர் கயிறு, மோதிரம், நெற்றிப்பொட்டு போன்ற சாதி அடையாளங்களுக்குத் தடை வேண்டும் என்று 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளியில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "கயிறு கட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வீர்கள்?" தெளிவான பதில் இல்லையென்றால், அல்லது "இங்கே எல்லாம் நம்ம ஆட்கள்தான்" என்று சிரித்தால், அங்கே சேர்க்காதீர்கள். பக்கத்து அரசுப் பள்ளியில் நல்ல தலைமை ஆசிரியர் இருந்தால் அதையும் பாருங்கள்.

பெற்றோர் வாட்ஸப் குழுவில் தினமும் கட்சிச் செய்தி வருகிறது.
– தஞ்சாவூர்

வெளியே வாருங்கள். ஆசிரியர் மட்டும் பதிவிடும் அறிவிப்புக் குழு ஒன்று கேளுங்கள்.

ஜூனில் இரண்டு மகள்களைச் சேர்த்தோம், ஏழாம் வகுப்பும் நான்காம் வகுப்பும். இரண்டு மாதத்தில் தாளாளருக்காக மேடையில் ஆடச் சொன்னார்கள், கட்சிப் பாட்டுக்கு. பெரியவள் மறுத்ததால் வகுப்பில் தனியாக உட்கார வைத்திருக்கிறார்கள். மாற்றப் போகிறோம். மீதிக் கட்டணம் கட்டினால்தான் டி.சி. என்கிறார்கள். ரசீதுகளில் பாதி பள்ளி பெயரில், பாதி வேறு ஓர் அறக்கட்டளை பெயரில். நுகர்வோர் நீதிமன்றம் போகலாமா? கணவர் வெளிநாட்டில். தனியாக அலைகிறேன்.
– ஒரு தாய், கடலூர் மாவட்டம்

உங்கள் மகள் சரியாகத்தான் செய்திருக்கிறாள். அவளிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்.

டி.சி.க்காகப் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 5 சொல்கிறது. அரசு அல்லது உதவிபெறும் பள்ளிக்கு மாறினால் அது நேராகப் பொருந்தும். கட்டண பாக்கியை வசூலிக்க டி.சி.யைக் கருவியாக்கக் கூடாது, அதில் பாக்கி என்று எழுதவும் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லியிருக்கிறது. தனியாக உட்கார வைத்தது மனரீதியான துன்புறுத்தல், கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 17-ல் வரும். அதைத் தேதியோடு தனிப் புகாராக எழுதுங்கள்.

நுகர்வோர் நீதிமன்றம் இப்போதைக்கு உங்களுக்குக் கைகொடுக்காது. கல்வி நிறுவனங்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது, பயிற்சி மையங்கள் மட்டும் வரும் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 ஜனவரியில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது. லட்சக்கணக்கில் வாங்குகிறவர்களை நுகர்வோர் சட்டத்துக்கு வெளியே நிறுத்தியது நியாயமில்லை என்பது என் கருத்து.

உங்கள் பலம் அந்த இரண்டாவது அறக்கட்டளை ரசீதுதான். 2009-ம் வருடச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு உங்கள் பள்ளிக்கு வகுப்புவாரியாக ஒரு தொகை நிர்ணயித்திருக்கும். அதற்கு மேல் எந்தப் பெயரில் வாங்கினாலும் அதிக வசூல்தான். இரண்டு ரசீதுகளையும் கூட்டி, நிர்ணயித்த தொகையைக் கழித்து, மீதியைக் கேட்டுக் குழுவுக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்புங்கள், நகல் மாவட்டக் கல்வி அலுவலருக்கு. அசல் ரசீதுகளை யாரிடமும் கொடுக்காதீர்கள், "சரிபார்த்துத் தருகிறோம்" என்று பள்ளியே கேட்டாலும் கொடுக்காதீர்கள். நகல் ஒன்றை எனக்கும் அனுப்புங்கள், மனுவை எழுதித் தருகிறேன்.